உள்சுவருக்கு ரெண்டு கோட்டு

நான் ரிட்டயர் ஆகுற வாரத்துல, புதுசா வந்த ஜூனியர் இன்ஜினியர் ஒருத்தர் டீ குடிச்சுக்கிட்டே கேட்டாரு. "அண்ணாச்சி, மெயின்லேண்ட்ல இருந்து யாரு வந்தாலும் ரோட்டோரக் கல்லு, தென்னைமரம், கொடிக்கம்பம்னு ஒண்ணு விடாம வெள்ளையடிக்கிறோம். டாலிகஞ்ச் தாண்டி மேட்டுல இருக்கே, ஜப்பான்காரன் கட்டின பங்கர், அதோட உள்சுவரை மட்டும் ஏன் யாரும் தொடுறதில்ல? அதுக்கு ஆர்டர் ஏதும் இருக்கா?"

ஆர்டரெல்லாம் கிடையாது தம்பின்னேன். அப்போ எதுக்குன்னாரு. ஒரு கிளாஸ் டீயில சொல்லி முடிக்கிற கதையா அது? எழுதித் தாரேன்னுட்டேன். பேனா பிடிச்சுப் பழக்கம் இல்லாதவன் நான். பேசுற மாதிரியே எழுதியிருக்கேன், பொறுத்துக்கிடுங்க.

எனக்குச் சொந்த ஊரு திருநெல்வேலிப் பக்கம். அங்க சோத்துக்கு வழியில்லாம கப்பல் ஏறி அந்தமானுக்கு வந்தேன். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துல இறங்குனதும் கையில மண்வெட்டியைக் குடுத்துட்டாங்க. கல்லு சுமந்தேன், காடு வெட்டின இடத்துல ரோடு போட்டேன், வங்காளத்துல இருந்து வந்த குடும்பங்களுக்குக் குடிசை கட்டினேன். ஹிந்தி தானா நாக்குல ஒட்டிக்கிச்சு. கொஞ்ச வருஷத்துல பி.டபிள்யூ.டி.யில வொர்க் சர்க்கார் ஆக்கிட்டாங்க, அதாவது ஒரு கேங்குக்கு மேஸ்திரி. என் கேங்குக்குப் பேரே வெள்ளையடிக்கிற கேங்குதான்.

சிரிக்காதீங்க. வெள்ளையடிக்கிறதுன்னா வாளியில கரைச்சு அப்புறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க நிறையப் பேரு. இங்க கிடைச்சது சிப்பியும் பவளக்கல்லும் சுட்ட சுண்ணாம்பு. அதைப் பீப்பாயில போட்டுத் தண்ணி ஊத்துனா உலை மாதிரி கொதிக்கும். கொதிச்சு அடங்கி, நாள்கணக்கா ஊறணும். அப்புறம் சாக்குல வடிகட்டி, பசை காய்ச்சி ஊத்தி, உப்பு ஒரு கை, நீலம் ஒரு சிட்டிகை. பிரஷ்ஷுக்குத் தாழை விழுதைத் தட்டி நாராக்கிக்கிடுவோம். சுவத்துல பாசி இருந்தா முதல்ல கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுத்துரணும். முதல் கோட்டு மேல கீழ, ரெண்டாவது கோட்டு இடம் வலம். இதுல ஒண்ணு தப்புனாலும் மாத்தூர் சாப் விடமாட்டாரு.

மாத்தூர் சாப்தான் எங்க எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர். ஒல்லியான மனுஷன். யாரையும் ஏசி நான் பாத்ததில்ல. வெள்ளையடிச்சு முடிச்சதும் வருவாரு, பாக்கெட்ல இருந்து சலவைக் கைக்குட்டையை எடுப்பாரு, சுவத்துல ஒரு தேய் தேய்ப்பாரு. கைக்குட்டையில மாவு ஒட்டுச்சுன்னா பசை பத்தலைன்னு அர்த்தம். கைக்குட்டையை நாலா மடிச்சு உள்ள வச்சுக்கிட்டு, "ஒன்ஸ் மோர்"னு சொல்லிட்டுப் போயிருவாரு. அந்த ரெண்டு வார்த்தைக்கு நாங்க பயந்த பயம், சிங்கத்துக்குக்கூட பயந்திருக்க மாட்டோம்.

அந்த மாத்தூர் சாப் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஜப்பான் பார்லிமெண்ட் மெம்பர் ஒருத்தரு வாராரு, சண்டைக்காலத்துப் பங்கரைப் பாக்கணும்னு கேட்டிருக்காரு, பாதையைச் சரிபண்ணி பங்கருக்கு வெளிப்பக்கம் வெள்ளையடிச்சுருன்னாரு. எதுக்குப் பாக்கணும்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெரிய இடத்து ஆசை நமக்கென்னன்னு நான் பாதைக் கல்லுகளைப் பாத்துக்கிட்டேன். பங்கருக்கு ரஹ்மத்தை அனுப்பினேன்.

ரஹ்மத்தைப் பத்திச் சொல்லணும். இந்தத் தீவுலேயே பிறந்து வளர்ந்தவன், லோக்கல் பார்ன்னு சொல்லுவாங்களே, அந்த வகை. அப்போ முப்பது வயசு இருக்கும். கை சுத்தம், பேச்சு கம்மி. ஜப்பான்காரன் இந்தத் தீவைப் பிடிச்சு வச்சிருந்த வருஷங்கள்ல இவன் சின்னப் பையன். ஒருநாள் வீட்டுக்குள்ள புகுந்து இவன் அப்பாவை இழுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. ஒற்றன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். இவன் அப்பாவைக் கூப்பிட வாயத் திறந்திருக்கான். சத்தம் கேட்டா பிள்ளையையும் கொண்டுபோயிருவாங்கன்னு அவன் அம்மா வாயைப் பொத்திட்டாங்க. அப்பா திரும்பி வரல. எங்க கொண்டுபோனாங்க, என்ன பண்ணுனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இந்தத் தீவுல இப்படி ஒரு வீடு ரெண்டு வீடு இல்ல, பாத்துக்கிடுங்க. "அம்மா கை வாசனை இன்னும் என் வாயில இருக்கு பாயி"ன்னு ஒருதடவை ஹிந்தியில சொன்னான்.

அப்படிப்பட்டவனை அந்தப் பங்கருக்கு அனுப்பலாமான்னு நீங்க கேக்கலாம். வேலைன்னா வேலை, அவனும் மாட்டேன்னு சொல்லல.

மறுநாள் ஜீப்புல வந்து இறங்கினாரு அந்த மெம்பர். ஓனுமான்னு பேரு. மந்திரி, மெம்பர்னா நமக்கு ஒரு கணக்கு இருக்குமில்லையா, தொப்பையும் மாலையும் பின்னால பத்துப் பேரும். இவரு மெலிஞ்சு நரங்கலா இருந்தாரு. கருப்புக் கோட்டு, முழங்கால் வளையாம ஒரு நடை, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. கூட வந்தது பாஷை மாத்திச் சொல்ல ஒரே ஒரு துபாஷிதான், கல்கத்தாவில இருந்து வந்த சென் பாபுங்கிற வங்காளிப் பையன். மாலை போடப் போன மாத்தூர் சாப்பைப் பாத்து ஓனுமா இடுப்பு வரைக்கும் குனிஞ்சு கும்பிட்டாரு. அப்புறம் வாளியோட நின்ன எங்க கேங்கைப் பாத்தும் அதே அளவுக்குக் குனிஞ்சாரு. ஒரு இஞ்சு கூடக் குறையல. எங்க ஆளுங்க சலாம் வைக்கவா ஓடவான்னு தெரியாம முழிச்சாங்க.

டார்ச்சைக் கையில எடுத்துக்கிட்டு, வேற யாரும் வரவேண்டாம்னு சொல்லிட்டு, அவரு மட்டும் பங்கருக்குள்ள போனாரு. போனவரு வரல. கொஞ்ச நேரம் கழிச்சு மாத்தூர் சாப்பும் நானும் எட்டிப் பாத்தோம்.

எனக்குப் பகீர்னு ஆயிட்டு. உள்ள நாலு சுவரும் பால் மாதிரி வெள்ளை, ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கைத் துளைக்குது. வெளிய மட்டும் அடின்னுதானே ஆர்டர்? உள்ள யாரு அடிக்கச் சொன்னது? அந்த வெள்ளைக்கு நடுவுல அந்த மனுஷன் டார்ச்சை அணைச்சுட்டுத் தரையில சம்மணம் போட்டு உக்காந்திருந்தாரு. மெதுவா என்னமோ கேட்டாரு. எங்க பின்னால நின்ன சென் பாபு ஹிந்தியில சொன்னான்: "இங்க எழுத்து இருந்திருக்கணும், அது எங்கன்னு கேக்கிறாரு."

மாத்தூர் சாப் கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு, கைக்குட்டையை எடுத்து நெத்தியைத் துடைச்சாரு. சுவத்துக்கு இல்லாம அவரு அதை வேற எதுக்கும் எடுத்து நான் பாத்தது அன்னிக்குத்தான்.

ஓனுமா உள்ளேயே உக்காந்திருந்தாரு. வெளிய வந்து சென் பாபு எங்களுக்குச் சொன்னதை எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்லுறேன்.

அவரு அரசியல்வாதியாப் பிறக்கல. வடக்க, பனி பெய்யுற கடற்கரையில ஒரு மீன்பிடி ஊரு, அதுல பள்ளிக்கூட வாத்தியார். சண்டை வந்தப்போ நெஞ்சுல நோய்னு அவரைப் பட்டாளத்துல எடுக்கல. ஆனா அவரு வகுப்புப் பையன்களை எடுத்தாங்க. ஒவ்வொருத்தனையும் ரயிலடிக்குப் போய், ஊருக்குப் பேரு வாங்கிக் குடுங்கடான்னு சொல்லி ஏத்திவிட்டவரு இவருதான். சண்டை முடிஞ்சுது. பையன்கள்ல பாதிப்பேரு வரல. ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே ஒரு தாய் வாசல்ல வந்து நின்னு, "என் பிள்ளை எங்க இருக்கான்? நீங்கதானே அனுப்பினீங்க"ன்னு கேட்டிருக்கா. சாக்பீஸைக் கீழ வச்சுட்டு வெளிய வந்தவரு, அதுக்கப்புறம் வகுப்புக்கே போகல.

சைக்கிள்ல கருவாடு வித்தாரு, காய வச்ச கணவாய் மீன்தான் முக்கியமா. ஊர் ஊரா, வீடு வீடாப் போனாரு. கணவாய் விக்கப் போன வீட்டுலேயே உக்காந்து, அந்த வீட்டுப் பையன் கடைசியா எந்த ஊர்ல இருந்து எழுதினான், யாரோட போனான்னு கேட்டு மனசுல வச்சுக்கிட்டாரு. ஊர் சபைக்கு நின்னாரு, தோத்தாரு. மறுபடி நின்னாரு, மறுபடியும் தோத்தாரு. மூணாவது தடவை தாய்மாருங்க கூட்டமா வந்து ஓட்டுப் போட்டாங்க. அங்கேயிருந்து பார்லிமெண்ட்.

கூட்டத்துல என்ன பேசுவாருன்னு நான் கேட்டேன். நம்ம ஊர்ல ஓட்டுக் கேக்கிறவன் ஆறே இல்லாத இடத்துலயும் பாலம் கட்டித் தாரேம்பான் இல்லையா? சென் பாபு சொன்னான், இவரு பேச்சே கிடையாதாம். மேடையில ஏறிப் பையன்கள் பேரைப் படிப்பாராம். கையில தாள் இருக்காது, எல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு பேருக்கும் பின்னால இன்ன தீவு, இன்ன காடு, இன்ன கடல்னு இடம் சொல்லுவாரு. தெரியாட்டா "எங்கேன்னு தெரியல"ம்பாரு. படிச்சு முடிச்சுட்டுக் கும்பிட்டு இறங்கிருவாரு. பார்லிமெண்ட்ல மத்தவங்க "பேர் படிக்கிறவரு"ன்னு கேலி பண்ணுவாங்களாம். பெரிய பதவி தாரோம்னு கூப்பிட்டப்போ, எனக்குப் பதவி வேண்டாம், காட்டுக்குப் போகக் கப்பல் குடுங்கன்னாராம். அந்த நெஞ்சையும் அந்த முழங்காலையும் வச்சுக்கிட்டு எத்தனையோ தீவு ஏறி இறங்கிட்டாரு. "எங்கேன்னு தெரியல"ங்கிற பேரு ஒவ்வொண்ணாக் குறைஞ்சு, இப்போ கை விரல்ல எண்ணுற அளவுக்கு வந்திருக்கு. தப்பிப் பிழைச்ச மாலுமி ஒருத்தன் போன வருஷம், உங்க ஊர்ப் பையன்கள் சிலபேரு அந்தமான்ல ஒரு பங்கர் சுவத்துல பேரு எழுதிட்டுச் செத்தாங்கன்னு சொல்லியிருக்கான். யாரு யாருன்னு அவனுக்கு நினைவில்ல. அதைப் படிக்கத்தான் இவரு வந்தது. ஊர்ல தாய்மாருங்க காத்துக்கிட்டு இருக்காங்க.

கேட்டுட்டு நான் கல்லு மேல உக்காந்துட்டேன். எனக்கு வெக்கம் இல்ல, நான் செய்யல. ஆனாலும் பாருங்க, ஒரு மனுஷன் வாழ்நாள் பூரா தேடுற எழுத்து மேல என் வாளிச் சுண்ணாம்பு.

அதுக்குள்ள ஓனுமா வாசலுக்கு வந்துட்டாரு. முகத்துல கோபத்தைத் தேடிப் பாத்தேன், இல்ல. சுவத்தை எப்போ அடிச்சதுன்னு கேட்டாரு. நேத்து சாயங்காலம்னேன். இன்னும் ஈரமா இருக்குமான்னாரு. பங்கருக்குள்ள காத்து இல்ல, பசை இறுகியிருக்காது, நாளைக்குன்னா கல்லாயிரும்னேன். அப்போ அவரு சொன்னாரு: "எங்க பள்ளிக்கூடத்துக் கரும்பலகை பழசு. மேல பூரா கீறல். எவ்வளவு துடைச்சாலும் கீறல்ல மட்டும் சாக்பீஸ் தங்கியிரும். புதுப் பலகை வாங்க வசதியில்லாம அதைத் துடைச்சே என் காலம் போச்சு. ஆணியால கீறியிருந்தா இங்கேயும் அப்படித்தானே இருக்கும்?"

எனக்கு மின்னல் அடிச்ச மாதிரி இருந்துச்சு. அடிச்சது ரெண்டு கோட்டு. கீறலுக்குள்ள சுண்ணாம்பு நல்லா ஏறியிருக்கும். துணியை விரலால அமுக்கித் துடைச்சா குழிக்குள்ள இருக்கிறதும் வந்துரும், பலகைக் கட்டையில ஈரத்துணியைச் சுத்தி மேலாக்க இழுத்தா குழியில இருக்கிறது நிக்கும்னு சொன்னேன். துணிக்கு எங்க போறதுன்னு நான் சுத்திப் பாக்குறேன், மாத்தூர் சாப் கைக்குட்டையை நீட்டுறாரு. சலவை மடிப்பு அப்படியே இருக்கு. அதைத்தான் முதல்ல நனைச்சோம்.

ஓனுமா கோட்டைக் கழத்திட்டு, என் பக்கத்துல மண்டி போட்டாரு. நான் ஒரு இழுப்பு, அவரு ஒரு இழுப்பு. வெறுங்கையில சுண்ணாம்பு பொத்துப்போகும்னு சொன்னேன், கேக்கல. வெள்ளை கரைஞ்சு இறங்க இறங்கப் பழைய சிமெண்ட் கருப்பா வெளிய வந்துச்சு. அந்தக் கருப்புல, நான் சாமி மேல ஆணையாச் சொல்லுறேன், வெள்ளை வெளேர்னு கோடு கோடா எழுத்து எழும்பிச்சு. இருபது வருஷப் பாசியும் புகையும் மூடிக் கிடந்ததைச் சுண்ணாம்பே எழுதிக் காட்டிருச்சு. வெள்ளையடிக்காம இருந்திருந்தா டார்ச்சு வச்சுத் தேடினாலும் இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்காது.

முதல் பேரைப் பாத்ததும் அவரு படிக்கல, சிரிச்சாரு. சென் பாபு சொன்னான், "இவன் இடதுகைக்காரன், கோடு எல்லாம் சாஞ்சு நிக்கும், அதுக்காக இவனை நான் பிரம்பால அடிச்சிருக்கேன்கிறாரு." அப்புறம்தான் பேரைச் சொன்னாரு. அந்தக் கீறலைத் தொடல, காத்துல விரலை வச்சு அதே மாதிரி எழுதினாரு. ரெண்டாவது பேரு, மூணாவது, நாலாவது. ஒவ்வொண்ணும் யாரு கையெழுத்துன்னு படிக்கிறதுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியுது. பிள்ளைகளை அடையாளம் காட்டச் சொல்லித் தகப்பனைக் கூட்டிவந்த மாதிரி இருந்துச்சு. நான் எத்தனையோ பெரிய மனுஷங்களைப் பாத்திருக்கேன், எல்லாருக்கும் ரோட்டோரக் கல்லு வெள்ளையடிச்சிருக்கேன். பக்கத்துல மண்டி போட்டு என்கூட வேலை பாத்தவரு இவரு ஒருத்தர்தான்.

நாலாவதுக்குப் பக்கத்துல ஒரு இடம். அங்க எவ்வளவு இழுத்தும் எழுத்து வரல. சாம்பல் கலர்ல ஒரு தேய்ப்பு மட்டும் வட்டமாத் தெரிஞ்சுது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்ச தடம். ஓனுமா அந்த இடத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. மாத்தூர் சாப் வாசல் பக்கம் திரும்பி, "உள்ள அடிச்சது யாரு?"ன்னாரு. குரல் ஏறல, ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் வேலை போச்சுன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது.

ரஹ்மத் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான். மாத்தூர் சாப்பை அவன் பாக்கவே இல்ல. ஓனுமாவைப் பாத்துப் பேசினான். ஹிந்தியில இல்ல, ஜப்பான் பாஷையில.

சென் பாபு வாயைப் பிளந்துட்டான். எனக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. இத்தனை வருஷம் என் கேங்குல இருக்கான், ஒரு வார்த்தை சொன்னதில்ல. அப்புறம்தான் விளங்குச்சு. அவங்க இங்க இருந்தப்போ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல உக்காத்தி அவங்க பாஷையைச் சொல்லிக் குடுத்தாங்க. இவனும் அதுல படிச்சவன். ஆணியால கீறுறதுக்குத் தோதா அந்தப் பையன்கள் நேர்க்கோடு எழுத்துலதான் எழுதியிருந்தாங்க. சின்னப் பிள்ளைகளுக்கு முதல்ல சொல்லிக்குடுக்கிற எழுத்து அது.

அவங்க பேசினதைச் சென் பாபு வரி வரியா எங்களுக்குச் சொன்னான்.

"நான்தான் அடிச்சேன். தெரிஞ்சேதான் அடிச்சேன். வெளிப் பாசியைத் தேய்ச்சுட்டு உள்ள எட்டிப் பாத்தேன், மங்கலாப் பேரு தெரிஞ்சுது, அஞ்சு பேரு. நாலு ஆணியில, ஒண்ணு கரியில. ஆணியில இருந்தது போகாதுன்னு அது மேல ரெண்டு கோட்டு போட்டேன். கரியைத் தேய்ச்சுட்டேன்."

"அதைப் படிச்சீங்களா?"ன்னாரு ஓனுமா. மரியாதையா, நம்ம 'நீங்க' மாதிரி.

"படிச்சேன். இப்பவும் நினைவுல இருக்கு."

அஞ்சாவது பேரு இனி சுவத்துல இல்ல, இவன் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அந்தப் பேருக்கு ஊர்ல ஒரு தாய் இருக்கா.

ரஹ்மத் சொன்னான்: "இதே பாஷை பேசினவங்கதான் என் அப்பாவை இழுத்துக்கிட்டுப் போனாங்க. அவரு எங்கன்னு நீங்க சொல்லுங்க, உங்க பையன் பேரை நான் சொல்லுறேன்."

வேற அரசியல்வாதியா இருந்தா என்ன சொல்லியிருப்பான்? விசாரிக்கிறேன், எழுதிப் போடுறேன், ஆவன செய்யுறேன்னிருப்பான். ஆவன செய்யுறேங்கிற வார்த்தையை நான் கேட்ட அளவுக்குக் கடல் அலையைக்கூடக் கேட்டதில்ல. ஓனுமா அவன் முகத்தை நேராப் பாத்து, "எனக்குத் தெரியாது. இனிமேயும் என்னால கண்டுபிடிக்க முடியாது. தெரிஞ்சவங்க செத்துட்டாங்க, இருக்கிறவங்க வாயைத் திறக்கமாட்டாங்க. உங்ககிட்ட நான் பொய் சொல்லக்கூடாது"ன்னாரு.

அப்புறம் கேட்டாரு. "உங்க அப்பா பேரு என்ன?"

ரஹ்மத் எதிர்பாக்கல. கொஞ்சம் தடுமாறி, "கரம் இலாஹி"ன்னான்.

ஓனுமா சொல்லிப் பாத்தாரு. அவங்க நாக்குக்கு 'லா' வரல. ரஹ்மத் தலையை ஆட்டினான், இல்லைன்னு. மறுபடி சொன்னாரு. மறுபடியும் இல்ல. வாத்தியார் உக்காந்து படிக்கிறாரு, பையன் நின்னு திருத்துறான். எத்தனை தடவைன்னு நான் எண்ணல. கடைசியில அப்படியே சுத்தமா வந்துச்சு, நம்ம யாராவது சொன்ன மாதிரி. வந்ததும் அவரு கையை ஊணிக் குனிஞ்சு, சுண்ணாம்புத் தண்ணி தேங்கின தரையில நெத்தியை வச்சாரு. அப்படியே இருந்தாரு. எந்திரிச்சப்போ நெத்தி பூரா வெள்ளை, திருநீறு பூசின மாதிரி.

அஞ்சாவது பேரை அவரு திருப்பிக் கேக்கவே இல்ல. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இவ்வளவு தூரம் வந்தவரு, ஒரு தடவை கெஞ்சியிருந்தா யாரு குத்தம் சொல்லப்போறா? எந்திரிச்சு, கோட்டை மாட்டிக்கிட்டு, எங்களைக் கும்பிட்டுட்டு ஜீப்புல ஏறிட்டாரு. போகும்போது மாத்தூர் சாப்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, "அவருக்குத் தண்டனை குடுத்தீங்கன்னா நான் இங்க வந்ததே வீணாயிரும்"னு. நான் ஓடிப்போய் வாட்ச்மேன் குடிசையில இருந்து தேங்காயெண்ணெய் வாங்கியாந்து அவரு உள்ளங்கையில ஊத்தினேன். தோல் வெந்து சிவந்திருந்துச்சு.

மாத்தூர் சாப் ரஹ்மத்தை வேலையை விட்டு எடுக்கல. அழுக்காகிப்போன கைக்குட்டையை என் கையில இருந்து வாங்கி நாலா மடிச்சாரு. 'ஒன்ஸ் மோர்' சொல்லப்போறாருன்னு பழக்கத்துல நான் விறைச்சு நின்னேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டாரு.

அடுத்த நாள் காலையில ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துல கப்பல். சாமான் ஏத்த என்னையும் வரச் சொல்லியிருந்தாங்க. ஓனுமா கப்பல்துறை மேடையில நின்னுக்கிட்டிருந்தாரு, கையில கட்டு. கூட்டத்தை விலக்கிக்கிட்டு ரஹ்மத் வந்தான். சட்டை மாத்தி, தலை வாரி, ஜும்மா தொழுகைக்குப் போற மாதிரி. நேரா அவரு முன்னால போய் நின்னு ஒரு பேரைச் சொன்னான். இன்னொரு தடவையும் சொன்னான், தெளிவா.

ரஹ்மத் நிறுத்தல. "பேருக்குக் கீழ ஒரு படம் வரைஞ்சிருந்தான், கணவாய் மீனு. காலெல்லாம் சேத்து அழகா. அதைத் தேய்க்கும்போது என் கை நின்னுச்சு. அப்புறமும் தேய்ச்சேன்."

அந்தப் பெரிய மனுஷன், பார்லிமெண்ட் மெம்பரு, அந்தத் துறையில அத்தனை கூலிக்காரங்களுக்கு நடுவுல குழந்தை மாதிரி விம்மி அழுதாரு. அந்தப் பையனோட தாய்கிட்டதான் அவரு கணவாய் வாங்கி சைக்கிள்ல வித்தாராம், அந்த வருஷமெல்லாம். அன்னிக்குப் பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னு கேட்டவளும் அவதானாம். ஓனுமா ரஹ்மத்தோட கையைப் பிடிக்கல, கட்டிக்கல. குனிஞ்சு கும்பிட்டாரு. ரஹ்மத் அசையாம நின்னான். பதிலுக்குக் கும்பிடல. எனக்கு அதுவும் சரின்னுதான் பட்டுச்சு.

அதுக்கப்புறம் பங்கர் உள்சுவரை யாரும் தொட்டதில்ல. யாராவது பெரிய ஆளு வந்து வெள்ளையடிப்பு நடந்தா, அன்னிக்கு ரஹ்மத் டிபன் டப்பாவோட பங்கர் வாசல்ல போய் உக்காந்துக்கிடுவான். கேங்கு வெளிய அடிச்சு முடிச்சுப் போறவரைக்கும் எந்திரிக்கமாட்டான். ஏண்டான்னு ஒருதடவை கேட்டேன். "இந்தத் தீவுல எத்தனை சாப் வந்தாங்க பாயி, எத்தனை பேரு போனாங்க. என் அப்பா பேரு என்னன்னு கேட்ட முதல் ஆளு அந்தாளுதான்"னான்.

எழுபதுகள்ல, வருஷம் சரியா நினைவில்ல, ஜப்பான்ல இருந்து நாலஞ்சு பேரு வந்தாங்க. எல்லாம் சின்ன வயசுக்காரங்க, சண்டையைப் பாத்திராதவங்க. நேரா எங்க ஆபீஸுக்கு வந்து நின்னாங்க. அதுல ஒரு பொண்ணு ஓரளவு இங்கிலீஷ் பேசிச்சு. ஓனுமா காலமாயிட்டாருன்னு சொல்லிச்சு. அப்புறம் கேட்டுச்சு: "கரம் இலாஹிங்கிறது யாரு?"

அந்த 'லா'வை அவ்வளவு சுத்தமாச் சொல்லிச்சு.

அவங்க ஊர்ல வருஷத்துக்கு ஒருநாள் விளக்கு ஏத்திக் கடலோரமா நின்னு பேரு படிப்பாங்களாம். ஓனுமா இருந்தவரைக்கும் அவரு படிச்சாரு, இப்போ ஊர்ப் பிள்ளைகள் படிக்குது. பேரும் இடமும், பேரும் இடமும். எல்லாருக்கும் இடம் தெரிஞ்சுபோச்சு. கடைசியா மட்டும் ஒரு வெளிநாட்டுப் பேரு. அதைப் படிச்சுட்டு "எங்கேன்னு தெரியல"ன்னு சொல்லி முடிப்பாங்க. அப்படிச் சொல்லுற பேரு இப்போ அது ஒண்ணுதான். யாருன்னு யாருக்கும் தெரியாது. சரியா உச்சரிக்காட்டா அந்தக் கிழவரு திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாராம். அதனால அந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் அந்தப் பேரு தெரியும். கிழவரு போனதுக்கப்புறம்தான், யாருன்னு போய்க் கேட்டுட்டு வரணும்னு இவங்களுக்குத் தோணியிருக்கு.

நான் ரஹ்மத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். பீப்பாயில சுண்ணாம்பு கிளறிக்கிட்டிருந்தவன், கை கழுவாம வந்தான். அந்தப் பொண்ணு பேசப் பேசக் கேட்டுக்கிட்டே நின்னான். அவனும் அவங்க பாஷையிலேயே ஒண்ணு கேட்டான். அந்தப் பொண்ணு கண்ணு கலங்கி, தலையை ஆட்டி, என்னமோ பதில் சொல்லிச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அவங்க பங்கரைப் பாக்கக் கிளம்பினதுக்கப்புறம், என்னடா கேட்டேன்னு விசாரிச்சேன்.

"சத்தமாப் படிப்பீங்களான்னு கேட்டேன்"னான்.

"என்ன சொல்லிச்சு?"

"அங்க கடல் காத்து பலமாம். கத்தித்தான் படிக்கணுமாம்."

புறங்கையால வாயைத் துடைச்சுக்கிட்டு, பங்கருக்கு வழி காட்ட அவங்க பின்னால போனான்.